துடுப்பு நம் கையில் இல்லாத ஒரு கணம்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பயிற்சி முடிந்து வந்த மகன் தோள்பையைக்கூட இறக்காமல் நேரே குசினிக்குள் போய், குழாயைத் திறந்து இரண்டு கையையும் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பு?"

"கை கொதிக்குது அம்மா. ஒவ்வொரு பந்துக்கும் ஷொக் அடிச்ச மாதிரி இருக்கு."

வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை சிவந்து வீங்கியிருந்தது. அவனுக்குப் பதினாறு வயது. எட்டு வயதிலிருந்து கிரிக்கெட் ஆடியவன், பேஸ்போலுக்கு மாறி அப்போது மூன்று மாதம்தான். எங்கள் வீட்டில் அது சின்ன மாற்றம் இல்லை. அப்பா, அதாவது அவனுடைய அம்மப்பா, கொழும்பு ஓவல் கிரிக்கெட் மைதானத்துச் சுவரோடு வளர்ந்தவர். தமிழ் யூனியன் கழகம், துடுப்பாட்டக்காரர் சதாசிவம் என்று தொடங்கினால் சாப்பாட்டு மேசையில் சோறு ஆறிவிடும். பேரன் உருண்டைத் தடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில முகம் எங்கை இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். கோண உந்தம், சடத்துவத் திருப்பம் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். கதவைத் திறப்பதும், சுழலும் கதிரையில் கையை விரித்து மடக்குவதும்தான் என் உதாரணங்கள். அவை இரண்டையும்விட நல்ல உதாரணம் கை வீங்கி என் குசினிக்குள் நின்றது. அன்றைக்குத் தொடங்கிய தேடல்தான் இந்தப் பதிவு.

முதலில் கை ஏன் கொதிக்கிறது என்று பார்த்தோம். அதற்கு அகப்பை ஒன்றே போதும். துடுப்பின் குமிழுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னேன். நான் மரஅகப்பையின் பின்பக்கத்தால் தடித்த நுனியிலிருந்து மேலே மேலே தட்டிக்கொண்டு போனேன். நுனியில் தட்டினால் அவன் விரலில் நடுக்கம் தெரிகிறது. நடுவில் தட்டினாலும் தெரிகிறது, அதுவும் நன்றாகவே. இடையில் ஓரிடத்தில், நுனியிலிருந்து ஒரு சாணுக்கு நாலு விரல் குறைவான தூரத்தில், விரலுக்கு ஒன்றுமே வரவில்லை. சத்தமும் மாறிவிட்டது. மற்ற இடத்தில் 'டொங்' என்று இழுபடுவது அங்கே 'டொக்' என்று நின்றது. அவன் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டான்.

பந்து பட்டதும் துடுப்பு ஒரு வில்லைப்போல வளைந்து வளைந்து அதிரும். மரத் துடுப்பில் இந்த முதல் அதிர்வு செக்கனுக்கு 170 தடவை அளவில் இருக்கும். எல்லா அதிர்வுக்கும் அசையாத இடங்கள் உண்டு. பாடப்புத்தகத்தில் நாங்கள் கணு என்று சொல்வது அதைத்தான். இந்த அதிர்வுக்குக் கைப்பிடிப் பக்கம் ஒரு கணு, தடித்த பக்கம் ஒரு கணு. பந்து கணுவில் பட்டால் அந்த அதிர்வு பிறப்பதே இல்லை. தள்ளிப் பட்டால் பந்துக்குப் போகவேண்டிய சக்தியில் ஒரு பங்கை மரம் எடுத்துத் தானே ஆடித் தீர்க்கிறது. அந்த ஆட்டம்தான் பெருவிரலின் அடியில் வந்து அடிக்கிறது. அடுத்த அதிர்வு இன்னும் வேகமானது. அதன் கணு நுனிக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கிறது. ஆகவே புள்ளி என்று சொல்வதைவிட நுனியிலிருந்து 12 முதல் 18 சென்ரிமீற்றர் வரையான ஒரு துண்டு என்று சொல்வதே சரி. கிரிக்கெட் பிள்ளைகள் 'மிடில்' என்பது இதைத்தான். கை நோகிறது என்றால் பந்தும் தூரம் போகவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

"அப்ப இறுக்கிப் பிடிச்சா அதிராது தானே?" என்று கேட்டான். அவனுடைய கோச் சிங்களவர். எல்லே என்ற நம் நாட்டுப் பந்தடி விளையாட்டை ஆடி வளர்ந்து பேஸ்போலுக்கு வந்தவர். பயிற்சியில் அவர் ஓயாமல் சொல்வது, "புத்தே, அத்த புருல் கரன்ன." மகனே, கையைத் தளர்த்து. இவனுக்கு அது விளங்கவேயில்லை. இறுக்கிப் பிடித்தால்தானே பலமாக அடிக்கலாம் என்று அவன் இன்னும் இறுக்கினான்.

இந்த இடத்தில் பௌதிகம் சொல்வதைக் கேட்டு நானே கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். பந்தும் துடுப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கும் குறைவு. அந்த அடி மரத்தின் வழியாக அலையாகக் கைப்பிடிக்குப் போய்ச்சேர்ந்து, அங்கே கை இருக்கிறது என்ற செய்தியோடு திரும்பி வருவதற்குள் பந்து மரத்தை விட்டுப் போய்விடும். பந்தைப் பொறுத்தவரை மறுமுனையில் யாரும் இல்லை. இலினோய் பல்கலைக்கழகத்தின் அலன் நேதனும் சிட்னியின் ரொட் குரொஸும் பல வருடம் இதை ஆராய்ந்தவர்கள். அவர்கள் கண்டது, பந்து போகும் வேகம் பிடியின் இறுக்கத்தில் தங்கியிருப்பதில்லை என்பதுதான். அந்தக் கணத்தில் துடுப்பைக் காற்றில் விட்டிருந்தாலும் பந்து அதே வேகத்தில்தான் போகும்.

விசையைக் கணக்குப் பார்த்தாலும் அதே விடைதான் வரும். 145 கிராம் பந்து செக்கனுக்கு 38 மீற்றர் வேகத்தில் வந்து, 45 மீற்றர் வேகத்தில் திரும்பிப் போகிறது என்று வையுங்கள். உந்த மாற்றத்தை அந்தச் சிறு நேரத்தால் பிரித்தால் ஒரு தொன்னுக்கும் மேலான பாரத்துக்குச் சமமான விசை வருகிறது. எந்த மனிதக் கையும் அந்த நேரத்துக்குள் அதோடு சேர்ந்து தள்ள முடியாது. 'பந்து படும்போது நல்லாத் தள்ளு' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற எல்லாரையும் நிறுத்தி இந்தக் கணக்கைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. தள்ளவேண்டியதெல்லாம் பந்து படுவதற்கு முன்னரே தள்ளி முடித்திருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் எது முக்கியம்? துடுப்பின் வேகம். நல்ல மரத் துடுப்பின் சரியான இடத்தில் பட்டால், அடிபட்ட பந்தின் வேகம் ஏறத்தாழ வருகிற பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதோடு துடுப்பின் வேகத்தைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. வருகிற பந்து மணிக்கு 10 கிலோமீற்றர் கூடினால் போகிற பந்து 2 தான் கூடும். துடுப்பு 10 கூடினால் 12 கூடும். ஒன்றுக்கு ஆறு என்ற வித்தியாசம். வேகப்பந்து தானாகவே தூரம் போய்விடும் என்று கிரிக்கெட்டில் நாங்கள் நம்பிக்கொண்டிருப்பது ஓரளவுக்குத்தான் உண்மை. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஆடுகிறவர்களின் சராசரித் துடுப்பு வேகம் மணிக்கு 115 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஜியன்கார்லோ ஸ்டான்டன் போன்றவர்கள் அதையும் தாண்டி 130-ஐத் தொடுகிறார்கள்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? சுமார் 900 கிராம் துடுப்பை அந்த வேகத்துக்குக் கொண்டுவர முந்நூறு யூல் சக்தி வேண்டும். வீச்சு நடப்பது ஏறத்தாழ 0.15 செக்கனில். பிரித்துப் பார்த்தால் இரண்டு கிலோவாற்று. எங்கள் குசினியில் தண்ணீர் கொதிக்கவைக்கிற மின்கேத்தலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு கையின் தசைகளிடம் அது இல்லை. தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும்தான் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரைன் டிரைவ் பக்கமாக ஒரு வெறும் வளவுக்குள் போனோம். கடற்காற்று, ரயில் போகிற சத்தம். அவன் வீச, நான் கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்தில் பதிந்தேன். பிறகு வீட்டில் இருந்து ஒவ்வொரு படமாக நகர்த்தினோம். முன்கால் குதி நிலத்தில் ஊன்றுகிறது. துடுப்பு இன்னும் தோளுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. பிறகு இடுப்பு திரும்புகிறது. தோள் இன்னும் வரவில்லை. சட்டையில் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் குறுக்கே, ஈரத்துணியைப் பிழிவதுபோல மடிப்பு விழுகிறது. பிறகு தோள், பிறகு முழங்கை. ஒவ்வொன்றும் தன் பங்கை அடுத்ததுக்குக் கொடுத்துவிட்டு வேகம் குறைகிறது. கடைசிக்கு முந்திய சில படங்களில் கைகளும் மெல்ல நிற்கத் தொடங்க, துடுப்பின் தலை திடீரென்று பாய்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். அதைப் பெருக்கி மணிக்கு 86 கிலோமீற்றர் என்று அவனே கணித்தான். பந்து பட்டதைத் தேடினால் அது எந்தப் படத்திலும் இல்லை. ஒரு படத்தில் பந்து வருகிறது, அடுத்த படத்தில் போகிறது. தொட்ட கணம் இரண்டு படத்துக்கும் நடுவில் எங்கேயோ நடந்து முடிந்துவிட்டது.

கைகள் வேகம் குறைவதும் துடுப்புத் தலை வேகம் கூடுவதும் ஒரே நிகழ்வுதான். மாடு சாய்க்கிற சாட்டையில் நடப்பதும் இதுவே. பெரிய திணிவு மெதுவாகத் தொடங்கித் தன் உந்தத்தைச் சின்னத் திணிவுக்குக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. இங்கேதான் கோச் சொன்ன 'புருல்' எனக்கு முழுதாக விளங்கியது. மணிக்கட்டை இறுக்கிவிட்டால் முன்கையும் துடுப்பும் ஒரே நீளத் தடியாகிவிடும். மணிக்கட்டைச் சுற்றித் தானே சுழலவேண்டிய துடுப்பு, தோளிலிருந்து சுழலவேண்டி வரும். சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்றும்போது ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு, சுழலும் இடத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு கூடுவது. அவ்வளவு பெரிய தடியை அந்த 0.15 செக்கனுக்குள் யாரால் சுழற்ற முடியும்? தளர்ந்த மணிக்கட்டு ஒரு பிணைச்சல்போல. துடுப்பைப் பின்னால் தொங்கவிட்டுக் கடைசியில் தானாக வெளியே எறியவிடும். அப்புறம் கையின் வேலை துடுப்பு ஓடிவிடாமல் உள்நோக்கி இழுத்துப் பிடிப்பது. வேகமான வீச்சின் முடிவில் அந்த இழுப்பு ஓர் ஆளின் நிறைக்குக் கிட்ட வந்துவிடும். விரல்கள் அதைத் தாங்க வேண்டும், மணிக்கட்டு இறுகக் கூடாது. சிங்களத்தில் மூன்று சொல்லில் சொல்லி முடித்த மனிதருக்கு என் மரியாதை.

துடுப்பின் நிறை பற்றிக் கொஞ்சம். வீச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது நிறையைவிட, அந்த நிறை எங்கே இருக்கிறது என்பதுதான். கைப்பிடியில் இரண்டு விரல் மேலே பிடித்தாலே துடுப்பு இலேசாகிவிடும். துடுப்பின் நுனியைக் குடைந்து தக்கை அடைத்து ஏமாற்றுகிறவர்கள் இருந்தார்கள். 2003-இல் பேஸ்போல் நட்சத்திரம் சமி சோசாவின் துடுப்பு உடைந்தபோது உள்ளே தக்கை இருந்தது. வீச்சு வேகமாகும், ஆனால் மோதுகிற திணிவு குறையும், பந்து தூரம் போவதில் இலாபம் இல்லை. அதை இதோடு விடுகிறேன்.

வேகம் இருந்தால் போதாது, நேரமும் சரியாக இருக்கவேண்டும். பேஸ்போலில் பந்தை எறியும் பிச்சர் நிற்கும் பலகையிலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் வரை 18.44 மீற்றர். கை நீண்டு வந்து விடுவதால் பந்து பறப்பது இன்னும் குறைவான தூரம். மணிக்கு 150 கிலோமீற்றர் பந்துக்கு 0.4 செக்கன்தான் கிடைக்கும். வீச்சுக்கு 0.15 போனால், பார்த்து முடிவெடுக்க மிச்சம் கால் செக்கன். துடுப்பு நூற்றில் ஒரு செக்கன் பிந்தினால் என்ன ஆகும்? வேகமான வீச்சில் அதற்குள் துடுப்பு 25 பாகை சுழல்கிறது. நேரே போகவேண்டிய பந்து கோட்டுக்கு வெளியே போகிறது.

இதை நான் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா நிமிர்ந்தார். 1948-ஆம் ஆண்டு பங்குனி மாதம், பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஓவலில் ஒருநாள் ஆடியது. இலங்கை அணிக்கு மகாதேவன் சதாசிவம் தலைவர். அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது, தன் மாமாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர். அன்றைய ஆடுகளம் 22 யாருக்குப் பதில் 20 யார்தான் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. இன்றைக்குப் ப. சரவணமுத்து மைதானம் என்று பெயர் சொல்லும் அதே இடம்தான்.

"ரெண்டு யார் என்ன பெரிய விசயமே எண்டு அப்ப நினைச்சன்" என்றார் அப்பா.

மகன் உடனே கணக்குப் போட்டான். இரண்டு யார் 1.83 மீற்றர். செக்கனுக்கு 38 மீற்றரில் வரும் பந்தானால் 0.05 செக்கன் குறைகிறது. "அம்மப்பா, வீச்சில மூண்டில ஒரு பங்கு!" கிழவரும் பேரனும் அன்றைக்குத்தான் முதல்முறை பேஸ்போலைப் பற்றிப் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு வாக்குவாதமும் இருந்தது, இன்னும் தீரவில்லை. பந்தை நிலத்தோடு அடிக்கவேண்டும் என்பது அப்பாவின் வேதம். கோச் துடுப்பைக் கொஞ்சம் மேல்நோக்கி வீசச் சொல்கிறார். கிரிக்கெட் பந்து நிலத்தில் குத்தி எழும்பி வருகிறது. துடுப்புக்கு 108 மில்லிமீற்றர் அகலத்துக்குத் தட்டையான முகம் இருக்கிறது. பேஸ்போல் பந்து பிச்சர் நிற்கும் மேட்டிலிருந்து எறியப்பட்டு, புவியீர்ப்பால் இன்னும் தாழ்ந்து, பிளேட்டுக்கு வரும்போது கீழ்நோக்கிச் சில பாகை சரிந்து வருகிறது. துடுப்பும் அதே கோட்டில் எதிரே ஏறிப் போனால், இரண்டும் ஒரே பாதையில் அதிக நேரம் இருக்கும். நேரம் கொஞ்சம் பிசகினாலும் எங்கேயோ சந்திக்கும். 1941-இல் 0.406 சராசரி எடுத்த, அதாவது ஆயிரத்துக்கு 406 தடவை வெற்றியாக அடித்த, அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் இந்த இலேசான மேல்வீச்சைத்தான் வலியுறுத்தினார். இன்னொன்றும் உண்டு. 66 மில்லிமீற்றர் உருண்டைத் துடுப்பு 74 மில்லிமீற்றர் உருண்டைப் பந்தைச் சந்திப்பதால் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டு போகும். அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தாங்கும். வேலியைத் தாண்டிப் போகும் ஹோம் ரன்கள் பெரும்பாலும் 25, 30 பாகையில் எழும்புகிறவை.

"இதில முகம் எங்கை இருக்கு?" என்ற கேள்விக்கு என்னால் இப்போது பதில் சொல்ல முடியும். முகம் இல்லை அப்பா. ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு இருக்கிறது, அதை அவன் ஒவ்வொரு பந்துக்கும் காற்றில் கண்டுபிடிக்கவேண்டும்.

மூன்று மாதம் அவன் மணிக்கட்டோடு போராடினான். பல்கனியில் ஈரத் துவாயைப் பிடித்து வீசிப் பழகினான். துவாய் சொடுக்கும் சத்தம் முன்னுக்கு வரவேண்டும், பின்னுக்கு வரக்கூடாது. இறுகிய கையில் துவாய் சொடுக்காது. எதிர்த் தொடர்மாடியில் இருந்த அன்ரி ஒருநாள் காலையில் என்னிடம் தம்பிக்கு என்ன நடந்தது என்று கவலையோடு கேட்டார்.

மாசி மாதம் தியகமவில், ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானத்தில், ஒரு பயிற்சி ஆட்டம். நானும் போனேன். முதல் இரண்டு தடவையும் அவன் பந்தைத் தொடவில்லை. மூன்றாவது தடவை பந்து இடுப்புயரத்தில் வந்தது. நான் பார்த்தது அவன் இடுப்பு திரும்பியதைத்தான். சத்தம் கேட்டது, 'டொக்' என்று, குசினியில் கேட்ட அதே சத்தம். பந்து நல்ல உயரத்தில் நடு மைதானத்துக்கு மேலால் போய், வேலிக்குப் பத்தடி முன்னால் ஓடிவந்த ஒரு பிள்ளையின் கையுறைக்குள் விழுந்தது. அவுட். அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். கோச் அவன் முதுகில் தட்டி ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது 138 பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தது. மகரகம வரை அவன் பேசவில்லை. பிறகு துடுப்பை மடியில் வைத்து மெல்ல உருட்டினான். தடித்த பக்கத்தில், புழுதியோடு சேர்ந்து, பந்தின் தையல் பதிந்த ஒரு அரைவட்டம் இருந்தது. பழைய பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் தன் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தான். ஒரு விரல்கூட இடைவெளி இல்லை.

"கையில ஒண்டும் தெரியேல்ல அம்மா" என்றான். "அடிச்ச மாதிரியே இருக்கேல்ல."

கிருலப்பனையில் இறங்கும்வரை அவன் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.